வாசலின் வெயிலும் அடுப்பங்கரையின் இருளும்

திருப்பத்தூரிலிருந்து மலையேறிப் புதூர்நாட்டை அடைகிற ஒருவர், நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று அடுத்தடுத்து விரியும் அந்த ஜவ்வாது மலைக் கிராமங்களில் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய கூரைவீடு ஒன்றினுள், தாழ்ந்த இறவாணத்துக்கு அடியில் குனிந்து நுழைந்து, உச்சிப்பொழுதில் ஒரு கணம் நின்று வாசற்பக்கம் திரும்பிப் பார்ப்பாரானால், சினிமாக் காமிரா தோன்றிய நாள் முதல் ஒளிப்பதிவாளர்களை வாட்டிவரும் மிகப் பெரிய பிரச்சினை அவர் கண்முன்னே பிரத்தியட்சமாக நிற்கும். வெளியே களத்தில் விழும் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். உள்ளே அடுப்பங்கரையின் மூலையில், வாசல் வழியாக நுழைந்து சுவரில் பட்டுத் தேய்ந்து வரும் வெளிச்சமோ 10 லக்ஸ் இருந்தால் அதிகம். பதினாயிரம் மடங்கு வேற்றுமை. அதுவும் ஒரே பார்வைக்குள்! அத்துடன் வெளியே காய்வது வெளுத்த வேட்டியாகவும், உள்ளே அமர்ந்திருப்பவரின் தலைமயிர் கறுப்பாகவும் இருந்துவிட்டால், விழுகின்ற ஒளியின் வேற்றுமையோடு அதைத் திருப்பி அனுப்பும் பரப்புகளின் வேற்றுமையும் பெருகிக்கொள்ள, மொத்த வித்தியாசம் லட்சத்தையும் தாண்டிவிடும்.

நம்முடைய கண்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. வெயிலைப் பார்க்கும்போது பாவை சுருங்கியும், இருளைப் பார்க்கும்போது விரிந்தும், கணத்துக்குக் கணம் தம்மைத் திருத்திக்கொண்டு, அப்படித் துண்டு துண்டாகக் கண்டவற்றையெல்லாம் மனம் ஒரே காட்சியாகக் கோத்துத் தருவதால், வாசலுக்கு வெளியே நிற்கும் புளியமரத்தின் இலைகளும் உள்ளே சாமை புடைக்கும் பெண்ணின் முகமும் நமக்கு ஒருங்கே தெரிகின்றன. காமிராவுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஒரு சட்டத்தை, அதாவது ஃப்ரேமை, எடுக்கும் அந்தச் சிறு பொழுதுக்கு அதற்கு ஒரே அளவுதான் உண்டு. முகத்துக்கு ஏற்ப அளவை வைத்தால் வாசல் வெறும் வெள்ளைத் துணியாகிவிடும். புளியமரத்துக்கு ஏற்ப வைத்தால் முகம் கரிக்கட்டையாகிவிடும். மிக மங்கிய பொருள் முதல் மிகப் பிரகாசமான பொருள் வரையில் எவ்வளவு அகலமான ஒளியை ஒரு காமிரா ஒரே நேரத்தில் விவரம் குன்றாமல் கிரகிக்க வல்லதோ, அந்த அகலத்தைத்தான் டைனமிக் ரேஞ்ச் என்கிறார்கள். ஒளிவீச்சு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இதை ஏதோ தொழில்நுட்பக்காரர்களின் அந்தரங்க விவகாரம் என்று சாமானிய வாசகர் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். மேகம் மூடிய வானமும் வெண்ணிற முகங்களும் உடைய தேசங்களில் இது சௌகரியத்தின் விஷயமாக இருக்கலாம். உச்சிவெயிலும் இருண்ட வீடுகளும் கறுத்த மேனியும் சேர்ந்து வாழும் நம் நாட்டில் இது நியாயத்தின் விஷயம். எவருடைய முகம் திரையில் தெரிகிறது, எவருடைய முகம் நிழலோடு நிழலாகக் கரைந்துபோகிறது என்பதை இந்த ஒளிவீச்சு பல சமயங்களில் தீர்மானித்திருக்கிறது.

காமிராவின் சென்சார் என்பது கோடிக்கணக்கில், அல்லது குறைந்தது லட்சக்கணக்கில், நுண்ணிய குழிகள் பதித்த ஒரு சிலிக்கான் தகடு. ஒவ்வொரு குழியிலும் ஒளித்துகள் வந்து விழ, அது எலெக்ட்ரானாக மாறி அங்கே சேர்கிறது. மலையில் சாமையைப் படியில் அளப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்: படி நிரம்பித் தலைதட்டிய பிறகு மேலே எவ்வளவு கொட்டினாலும் அது தரையில்தான் சிந்தும், கணக்கில் வராது, நாலைந்து மணிகள் மட்டும் விழுந்தாலோ, முன்பே அடியில் ஒட்டிக்கிடந்தவை எவை, இப்போது விழுந்தவை எவை என்று பிரித்தறிய முடியாது. குழியின் கொள்ளளவு மேல் எல்லை. மின்சுற்றின் இயல்பான சலனம், அதாவது நாய்ஸ், கீழ் எல்லை. இரண்டுக்கும் இடைப்பட்டதே ஒளிவீச்சு. இந்த இடைவெளியை ஒளிப்பதிவாளர்கள் ஸ்டாப் என்னும் அலகால் எண்ணுகிறார்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு. இரண்டு ஸ்டாப் நான்கு மடங்கு. 10 ஸ்டாப் 1,024 மடங்கு. 13 ஸ்டாப் 8,192 மடங்கு. புதூர்நாட்டு வீட்டின் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் மட்டுமே 13 ஸ்டாப்பைச் சற்றுத் தாண்டுகிறது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபிலிம் காலத்தில் இந்தத் துன்பம் இல்லாமல் இல்லை. ஆனால் ஃபிலிமுக்கு ஒரு பெருந்தன்மை இருந்தது. நெகட்டிவில் ஒளி மிகுந்துபோனால் அது சட்டென்று மறைந்துவிடாமல், போகப் போக மெல்லத் தணிந்து, வெண்மைக்குள்ளும் ஏதோ ஒரு சாயலை மிச்சம் வைக்கும். சென்னையின் லேப்களில் பிரிண்ட் போடும்போது அந்தச் சேஷத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொள்ளலாம். டிஜிட்டல் சென்சாரோ நிரம்பும்வரை நேர்மையாக எண்ணிக்கொண்டே போய், நிரம்பிய கணத்தில் கத்தரித்தாற்போல் நின்றுவிடுகிறது. ஆரம்ப கால டிஜிட்டல் படங்களில் வானம் சுண்ணாம்பு அடித்ததுபோலவும், நெற்றியில் பட்ட வெயில் வெள்ளைத் திட்டாகவும் தெரிந்ததற்கு இதுதான் காரணம். பி.சி. ஸ்ரீராம் இயக்கிய ‘வானம் வசப்படும்’ 2004இல் ஹெச்.டி. டிஜிட்டலில் எடுக்கப்பட்டு வெளிவந்தபோது, ஃபிலிமில் அத்தனை சாதித்த ஒளிப்பதிவாளர் ஒருவர் ஏன் இந்தக் கருவியைக் கையில் எடுத்தார் என்று வியந்தவர்கள் உண்டு. 2009இல் வெளிவந்த ‘அச்சமுண்டு அச்சமுண்டு’, ‘உன்னைப்போல் ஒருவன்’ ஆகிய படங்கள் ரெட் ஒன் காமிராவில் எடுக்கப்பட்டன. 2007இல் 17,500 டாலர் விலையில், லென்ஸ் முதலியன நீங்கலாக, விற்பனைக்கு வந்த அந்தக் காமிரா, சென்சார் எண்ணியதை எண்ணியபடியே பதிவுசெய்யும் ரா முறையைத் தமிழ்த் திரையுலகுக்குப் பழக்கப்படுத்தியது. 2010இல் ஜெர்மனியின் ஆரி நிறுவனம் வெளியிட்ட அலெக்ஸா, 14 ஸ்டாப்புக்கு மேற்பட்ட ஒளிவீச்சால் ஃபிலிமின் கோட்டையையே அசைத்துவிட்டது. ஆனால் அது வாடகைக்கு எடுக்கவும் பெரிய தயாரிப்பாளர் வேண்டும் என்ற நிலையில் இருந்த கருவி.

கையில் காசில்லாதவர் என்ன செய்வது? பாலாஜி சக்திவேல் இயக்கி, எஸ்.டி. விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்து, 2012 மே மாதத்தில் வெளிவந்த ‘வழக்கு எண் 18/9’ இந்தக் கேள்விக்கு ஒரு துணிச்சலான விடை. கேனன் 7டி என்னும் புகைப்படக் காமிராவைக் கொண்டு ஒரு முழுநீளப் படத்தை எடுத்தார்கள்; அது சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. அந்தப் படத்தின் மனிதர்களும் தெருக்களும் நெஞ்சைவிட்டு அகலாதவை. ஆயினும் அந்தக் காமிராவின் வீடியோப் பதிவு, சென்சார் கண்டதில் பெரும்பகுதியைக் காமிராவுக்குள்ளேயே அழித்துவிட்டு, நிறத்துக்கு 256 படிகள் மட்டும் வைத்து, இறுக்கிச் சுருக்கி அட்டையில் எழுதும் வகையைச் சேர்ந்தது. அதைக் கொண்டு அவ்வளவு சாதித்தார்கள் என்பது அந்தக் கலைஞர்களின் பெருமை. கருவியின் பெருமை அன்று.

இந்த அழித்தல் எப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால்தான் ரா பதிவின் மகிமை புரியும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற யுக்தியின்படி, சென்சாரின் ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கிறது: நான்கு குழிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஆகவே எந்தக் குழிக்கும் முழு நிறம் தெரியாது. ஒரு நிறத்தின் அளவு மட்டும் தெரியும். சாதாரணக் காமிரா, நொடியில் ஒரு சிறு பங்குக்குள், அக்கம்பக்கத்துக் குழிகளைக் கொண்டு மற்ற நிறங்களை ஊகித்து நிரப்பி, வெயிலா விளக்கா என்று தீர்மானித்து நிறச் சமன் செய்து, கறுப்பைக் கறுப்பாக்கி வெளுப்பை வெளுப்பாக்கி, விளிம்புகளைக் கூர்மைப்படுத்தி, நாய்ஸைத் துடைத்து, பிறகு சுருக்கியும் விடுகிறது. இத்தனை தீர்மானங்களையும் அவசரத்தில் எடுப்பது ஒரு சில்லு. ரா பதிவு இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. குழிகள் எண்ணிய எண்களை அப்படியே எடுத்துவைத்து, தீர்மானங்களையெல்லாம் பின்னால் நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும் மனிதரிடம் ஒப்படைக்கிறது.

எண்களைப் பற்றி ஒரு சூட்சுமம் உண்டு. 12 பிட் பதிவில் 4,096 படிகள் இருக்கின்றன என்றால் அவை எல்லா ஸ்டாப்புக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. ஒளி இருமடங்காகும்போது எண்ணும் இருமடங்காவதால், மிகப் பிரகாசமான ஒரே ஸ்டாப் 2,048 படிகளை எடுத்துக்கொள்ள, அடுத்தது 1,024, அதற்கடுத்தது 512 என்று குறைந்துகொண்டே வந்து, எட்டாவது ஸ்டாப்புக்கு 16 படிகள்தான் மிஞ்சுகின்றன. அடுப்பங்கரையில் இருப்பவரின் முகம் அந்த 16 படிகளுக்குள் அடங்கிவிட வேண்டும் என்றால் அது எவ்வளவு அநியாயம்! எனவேதான் காமிராக்காரர்கள் சென்சாரிலிருந்து 16 பிட்டாகப் பெற்று, லாக் என்னும் வளைவின் மூலம் இருளுக்கும் வெளிச்சத்துக்கும் ஏறக்குறைய சமமாகப் படிகளைப் பங்கிட்டு, 12 பிட்டில் எழுதும் முறையைக் கைக்கொண்டார்கள்.

இத்தகைய பதிவைச் சாமானியர் கைக்கு எட்டும் விலையில் கொண்டுவந்தது, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து நிறுவனமான பிளாக்மேஜிக் டிசைன். 2012 ஏப்ரலில் அது அறிவித்த சினிமா காமிராவின் விலை 2,995 டாலர். வரி நீங்கலாக அன்றைய மதிப்பில் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். 13 ஸ்டாப் ஒளிவீச்சு, 12 பிட் ரா பதிவு. மறுவருஷமே சட்டைப் பைக்குள் அடங்குமளவுக்குச் சிறிய ஒன்றை 995 டாலருக்கு அறிவித்தார்கள். 2018இல் 4கே பாக்கெட் காமிரா 1,295 டாலருக்கு வந்தது. உலகெங்கும் மாணவர்களும் ஆவணப்படக்காரர்களும் இவற்றை வாங்கினார்கள். நம் ஊர்க் குறும்பட இளைஞர்களும் வாடகைக்கு எடுத்தார்கள். குறைகள் இல்லாமல் இல்லை. பேட்டரி ஒரு மணி நேரம் தாண்டினால் அதிகம். மின்சாரம் இல்லாத மலைக் குடியிருப்பில் ஒரு பகல் படமெடுக்க வேண்டுமானால் பை நிறையப் பேட்டரி சுமக்க வேண்டும். வெயிலில் திரையைப் பார்ப்பது சிரமம். ஆயினும் மூன்று பேர் மட்டும் கொண்ட ஒரு குழு, ஜெனரேட்டர் வண்டியும் லைட்மேன்களும் இல்லாமல், தெர்மாகோல் அட்டை ஒன்றை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, பஸ் ஏறிப் புதூர்நாட்டுக்குப் போய், ஒரு மூதாட்டி தன் வீட்டினுள் இருந்தபடியே பேசுவதைக் கௌரவமாகப் பதிவுசெய்ய முடியும் என்ற நிலை இதனால்தான் ஏற்பட்டது. அவரை வெயிலுக்கு வரச்சொல்லி, முகத்தைச் சுளிக்கவைத்து, பளபளக்கும் ரிஃப்ளெக்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பேட்டி காணும் கொடுமைக்கு இனி அவசியமில்லை.

ஜவ்வாது மலைக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷ உரிமை உண்டு என்று நான் கருதுகிறேன். இதே மலையின் இன்னொரு மேட்டில், கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில், காவலூர் வான்ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வானியலாளர் வைனு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, 1968இல் ஒரு சிறு தொலைநோக்கியோடு தொடங்கிய அந்த ஸ்தாபனத்தில், 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அமைந்தன; பின்னது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று 1977இல் கண்டறிந்தவர்களுள் காவலூர்க்காரர்களும் சேர்ந்தவர்கள். அங்கே ஒளிப்படத் தகடுகளின் இடத்தைப் பிற்காலத்தில் சி.சி.டி. எடுத்துக்கொண்டது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்த, 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த, அந்தச் சி.சி.டி.தான் இன்றைய காமிராச் சென்சார்களின் முன்னோடிகளுள் ஒன்று.

விண்மீனைப் படமெடுப்பவர் ரா பதிவைத் தவிர வேறொன்றைக் கனவிலும் கருத மாட்டார். அவருக்குப் படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. எண் உண்மையாக இருக்க வேண்டும். ஆகவே சென்சாரைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து அதன் சலனத்தை அடக்குகிறார். மூடியைத் திறக்காமலே சில சட்டங்கள் எடுத்து, ஒளியே இல்லாதபோது கருவி தானாகச் சொல்லும் எண் என்ன என்று குறித்துக்கொள்கிறார். அந்தி வானத்தின் சீரான வெளிச்சத்தைப் படமெடுத்து, குழிக்குக் குழி உள்ள உணர்வு வேற்றுமையையும் சென்சாரின் முன்னுள்ள கண்ணாடிகளில் படிந்த தூசியின் நிழலையும் அறிந்துகொள்கிறார். பிறகு விண்மீனின் படத்திலிருந்து முன்னதைக் கழித்துப் பின்னதால் வகுக்கிறார். பிரகாசமான விண்மீன் ஒன்று குழிகளை நிரப்பிவிட்டதானால் அந்தப் படத்திலிருந்து அதன் ஒளியளவைச் சொல்ல அவர் முற்படவே மாட்டார். குறைந்த நேரம் திறந்து மறுபடி எடுப்பார். கருவியின் குற்றத்தைக் கருவியிடமிருந்தே கேட்டறிந்து கழிக்கும் இந்த விவேகத்தை, சினிமாக் காமிரா செய்பவர்கள் சென்சாரைத் தொழிற்சாலையிலேயே அளவெடுத்துப் பதித்துவைப்பதாலும், ‘பிளாக் பேலன்ஸ்’ போன்ற பொத்தான்களாலும் மறைமுகமாகச் செய்கிறார்கள். அடிப்படை ஒன்றே.

ரா என்றவுடன் எல்லாவற்றையும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்ற ஒரு தப்பெண்ணம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. சென்னையில், படத்தின் நிறத்தைத் திருத்தும் டி.ஐ. அறை ஒன்றில், இருண்ட சுவர்களுக்கு நடுவே, இப்படிப்பட்ட வாசற் காட்சி ஒன்றைக் கலரிஸ்ட் ஒருவர் திருத்துவதை அருகிலிருந்து பார்த்தேன். குமிழை அவர் மெல்லத் திருப்பத் திருப்ப, வெள்ளைத் திட்டாக இருந்த வாசலில் முதலில் ஒரு கிளையின் கோடு, பிறகு இலைக்கொத்துகள், பிறகு அவற்றுக்கு அப்பால் ஒரு பாறையின் நிறம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் களத்தில் உலர்ந்த வேட்டி மட்டும் வரவில்லை. குமிழைத் திருப்பியதற்கு ஏற்ப அது வெள்ளையிலிருந்து மட்டமான சாம்பல் நிறத்துக்கு இறங்கியதே தவிர, ஒரு மடிப்பும் அதில் தோன்றவில்லை. “இது போனது போனதுதான் சார். பச்சை, நீலம், சிவப்பு மூணுமே க்ளிப் ஆயிருச்சு, இதுக்கு மேல இங்க ஒண்ணும் இல்ல” என்றார் அவர். மூன்று நிறங்களில் ஒன்றாவது நிரம்பாமல் தப்பியிருந்தால் மென்பொருள் ஓரளவு ஊகித்து மீட்டுத் தரும். மூன்றும் நிரம்பியபின் எந்த மென்பொருளாலும் ஆவது ஒன்றுமில்லை.

இருள் பக்கத்திலோ நஷ்டம் வேறு விதமானது. அங்கே விவரம் இருக்கிறது, ஆனால் சலனத்தோடு கலந்து இருக்கிறது. ஒளி துகள் துகளாக வருவதால், 10,000 துகள் வரவேண்டிய இடத்தில் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றில் ஒரு பங்கு. 16 துகள் வரவேண்டிய இடத்திலோ ஏற்ற இறக்கம் 4, அதாவது நாலில் ஒரு பங்கு. இது எந்தக் கம்பெனியின் குற்றமுமன்று, இயற்கையின் நியதி. ஆகையால் விளம்பரத்தில் 13 ஸ்டாப் என்று கண்டால், அவற்றுள் கடைசி இரண்டும் புழுதி பறக்கும் ஸ்டாப்புகள் என்று எடுத்துக்கொண்டு, 11 ஸ்டாப்பை நம்பிக் காட்சியை அமைப்பதே புத்திசாலித்தனம். 2012ஆம் வருஷத்து அந்த முதற்காமிராவில் ஐ.எஸ்.ஓ. எண்ணை 800இலிருந்து 1600க்கு ஏற்றினால் ரா பதிவில் ஒரு துளி ஒளியும் கூடுவதில்லை. அது பின்னால் படத்தைத் திறக்கும்போது எவ்வளவு தூக்கிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. உண்மையில் ஒளியைக் கூட்டுவனவும் குறைப்பனவும் லென்ஸின் துவாரம், ஷட்டர், ஒளியை மட்டுப்படுத்தும் என்.டி. ஃபில்டர், விளக்கு ஆகிய நான்குதான்.

புதூர்நாட்டு வீட்டினுள் வேலை செய்பவர் அதனால் முதலில் எதை இழக்கச் சம்மதிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். வாசலுக்கு நேரே காமிராவை வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் பேசுகிறவரின் ஒரு கன்னத்தில் விழுமாறு செய்து, மறு கன்னத்துக்குத் தெர்மாகோலால் கொஞ்சம் ஒளியைத் திருப்பிவிட்டால், நாலைந்து ஸ்டாப் சிரமம் அப்போதே தீர்ந்துவிடும். வெளியே கொடியில் காயும் வெள்ளைத் துணியை, வீட்டுக்காரரின் அனுமதியோடு, காட்சிக்கு அப்பால் நகர்த்தச் சொல்லலாம். ஒளி மிகுந்த இடத்தைக் காட்டத் திரையில் வரிவரியாக ஓடும் ஸீப்ரா அடையாளம் வானத்தில் சிறிது தோன்றினால் பாதகமில்லை, நெற்றியில் தோன்றக் கூடாது. முகம் கறுத்திருக்கிறதே என்று அஞ்சித் துவாரத்தைத் திறந்துவிடுவதும் தவறு. வானத்தைக் காப்பாற்றப் போய் முகத்தைச் சலனத்தில் அமிழ்த்துவதும் தவறு. இரண்டில் ஒன்று போயே தீரவேண்டுமானால் வானம் போகட்டும். முகத்தைத் தேடித்தானே மலையேறினோம்?

ரா பதிவைச் சுற்றி நடந்த காப்புரிமை வழக்குகளைப் பற்றி இரண்டு வார்த்தை. காமிராவுக்குள்ளேயே ராவைச் சுருக்கி எழுதும் முறைக்கு ரெட் நிறுவனம் உரிமை பெற்றிருந்தது. 2019இல் ஆப்பிள் அதை எதிர்த்துத் தோற்றது. 2022இல் நிக்கான் மீது ரெட் வழக்குத் தொடுத்தது. 2024இல் நிக்கானே ரெட்டை விலைக்கு வாங்கிவிட்டது. பிளாக்மேஜிக் 2018இல் கொண்டுவந்த தனது ராவில், நிறத்தை ஊகிக்கும் வேலையின் ஒரு பகுதியைக் காமிராவே செய்துவிடுவதால், அதை ரா என்று சொல்லலாமா என்று சண்டையிடுவோர் உண்டு. மலைக்குப் போகிறவருக்கு இந்தச் சண்டை முக்கியமன்று. நிறச் சமனையும் ஒளியளவையும் பின்னால் தீர்மானிக்க இடம் இருக்கிறது, கோப்பும் சிறிதாகிறது.

கோப்பின் அளவுதான் உண்மையான கஷ்டம். 2012ஆம் வருஷத்துக் காமிராவில் ஒரு சட்டம் 2,432 புள்ளி அகலமும் 1,366 புள்ளி உயரமும் கொண்டது. புள்ளிக்கு 12 பிட் வீதம், சுருக்காமல் எழுதினால் சட்டத்துக்கு 5 மெகாபைட், நொடிக்கு 24 சட்டங்களுக்கு 120 மெகாபைட், நிமிஷத்துக்கு 7 கிகாபைட். இருபது மணி நேரம் படமெடுத்தால் எட்டு டெராபைட்டுக்கு மேல் வேண்டும். படம் முடிந்து திரைப்பட விழாவுக்கோ தொலைக்காட்சிக்கோ போனதும், ஹார்ட் டிஸ்க் அடுத்த வேலைக்குத் தேவைப்படுகிறது என்று மூலப் பதிவை அழித்துவிடுவது நம் சுயாதீனப் படக்காரர்களிடையே வழக்கமாகி வருகிறது. அவர்களுடைய வறுமை எனக்குத் தெரியும். ஆயினும் காவலூரையும் கோடைக்கானலையும் நிர்வகிக்கும் இந்திய வான்இயற்பியல் நிறுவனம், கோடைக்கானலில் 1904 முதல் நாள்தோறும் சூரியனைப் பதிவுசெய்த கண்ணாடித் தகடுகளைப் பாதுகாத்து, அவற்றை நம் காலத்தில் டிஜிட்டலாக்கியதால்தான், நூறு வருஷத்துச் சூரியனைப் பற்றிய ஆராய்ச்சிகள் இன்று சாத்தியமாகின்றன. முதல் தகடுகளை எடுத்தவர்கள் கணினியை அறியாதவர்கள்; நம் மூலப் பதிவுகளுக்கும் நாம் அறியாத பயன் நாளை இருக்கலாம்.

சாமையை உரலில் குத்தும் முறை, கூரை வேயும் கைத்திறன், மலையாளிப் பழங்குடி மக்களின் பேச்சு ஆகியவற்றை ராவில் பதிவுசெய்து இறங்கி வருகிறவர்கள், முழுவதையும் காக்க இயலாவிட்டாலும், படத்தில் இடம்பெற்ற பகுதிகளையும் முதியவர்களின் பேட்டிகளையுமாவது மூல வடிவிலேயே இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வேறு ஊர்களில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டிஸ்க்கை வருஷத்துக்கு ஒரு முறையாவது ஓட்டிப் பார்த்து, ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை புதியதற்கு மாற்றவும் வேண்டும். அதற்கான செலவைப் படத்தின் பட்ஜெட்டிலேயே, பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் அடுத்த வரியில், முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.